திருவிருந்தில் பங்குபெறுதல்: பொருள், ஆயத்தம், முறைமை – ஒரு முழுமையான வழிகாட்டி

இயேசுவின் கடைசி இரவுணவை நினைத்து அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து ஆராதனை நடக்கும் ஞாயிறன்று பல ஆலயங்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். பிரசங்கம் முடிந்து காணிக்கைப் பாட்டு தொடங்கியதும், சிலர் வேதாகமத்தைப் பையில் வைத்துக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியே போய்விடுவார்கள். அவர்களில் அக்கறையற்றவர்களும் உண்டு என்றாலும், பெரும்பாலோர் பயத்தினால் போகிறவர்கள். தகுதியில்லாமல் திருவிருந்து எடுத்தால் ஆக்கினைத்தீர்ப்பு (தண்டனைத் தீர்ப்பு) வரும் என்று சிறுவயதில் கேட்ட எச்சரிப்பு அவர்கள் மனதில் ஆழமாக இறங்கியிருக்கிறது. இந்த வழிகாட்டி அவர்களுக்காகவும், திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர் தம் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) பெற்று முதன்முறையாகப் பந்திக்கு வரவிருக்கும் இளையோருக்காகவும் எழுதப்படுகிறது. தென்னிந்தியத் திருச்சபையின் முறைமையை அடிப்படையாகக் கொண்டு எழுதினாலும், மற்றச் சபைகளின் வழக்கம் வேறுபடும் இடங்களையும் சுட்டிக்காட்டுகிறேன்.

பெயர்களைப் பற்றிக் குழம்ப வேண்டாம். கத்தோலிக்கர் நற்கருணை என்பார்கள். அதைப் பெறுவதை ‘நன்மை வாங்குதல்’ என்று சொல்வதும் உண்டு. தென்னிந்தியத் திருச்சபையாரும் லுத்தரன் சபையாரும் திருவிருந்து அல்லது இராப்போஜனம் என்கிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் கர்த்தருடைய பந்தி என்றும், சகோதர சபைகளில் அப்பம் பிட்குதல் என்றும் வழங்குகிறது. எல்லாம் ஒரே இரவில் தொடங்கியவைதான்.

முதல் படி: அந்த இரவில் நடந்ததை அறிந்துகொள்ளுங்கள்

இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் தம் சீடரோடு உண்ட உணவை மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரும் பஸ்கா விருந்தாகவே சொல்கிறார்கள். யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தின்படி பஸ்கா என்பது எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்ற இரவை இஸ்ரவேல் மக்கள் வீடுதோறும் நினைவுகூரும் பண்டிகை. நெருப்பில் சுட்ட ஆட்டுக்குட்டி, புளிப்பில்லாத அப்பம், கசப்பான கீரை ஆகியவை அதன் உணவு. விடுதலையைக் கொண்டாடும் அந்தப் பந்தியில் அப்பத்தையும் பாத்திரத்தையும் எடுத்து, அவற்றைத் தம் சரீரத்தோடும் உடன்படிக்கையின் இரத்தத்தோடும் இயேசு இணைத்தார். ஆகவே சிலுவை மரணத்தையும் விடுதலையின் செயலாகவே சபை புரிந்துகொண்டது. யோவான் சுவிசேஷத்தில் அப்பத்தையும் பாத்திரத்தையும் பற்றிய இந்த வார்த்தைகள் இடம்பெறவில்லை. அதே இரவில் இயேசு சீடரின் கால்களைக் கழுவிய செய்தி அங்கே இருக்கிறது.

நிகழ்ச்சியை முதலில் எழுத்தில் வைத்தவர் சுவிசேஷகர் அல்லர், பவுல். கி.பி. 50களின் நடுப்பகுதியில் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில், தாம் பெற்றுக்கொண்டதை ஒப்புவிப்பதாகச் சொல்லி அவர் அதை எழுதுகிறார். சுவிசேஷங்களில் வரும் வினைகள் நான்கு: எடுத்தார், ஸ்தோத்திரம் பண்ணினார், பிட்டார், கொடுத்தார். இன்றைய ஆராதனை முறைமை எவ்வளவு நீளமாகத் தோன்றினாலும், அதன் முதுகெலும்பு இந்த நான்கு செயல்களே. கையேட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று தெரியாமல் போனால், ஆயர் இப்போது எடுக்கிறாரா, ஸ்தோத்திரம் செய்கிறாரா, பிட்கிறாரா, கொடுக்கிறாரா என்று பாருங்கள், இடம் புரிந்துவிடும்.

கி.பி. 155ஐ ஒட்டி ரோமாபுரியில் வாழ்ந்த யுஸ்தீன் என்னும் இரத்தசாட்சி, கிறிஸ்தவர்கள் இரகசியமாக என்ன செய்கிறார்கள் என்ற சந்தேகத்தைத் தீர்க்கப் பேரரசனுக்கு எழுதிய மனுவில் ஞாயிறு கூடுகையை விவரிக்கிறார். அப்போஸ்தலரின் நினைவுக்குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ வாசிக்கப்படுகின்றன, தலைவர் போதிக்கிறார், எல்லோரும் எழுந்து ஜெபிக்கிறார்கள், அப்பமும் தண்ணீர் கலந்த திராட்சரசமும் கொண்டுவரப்படுகின்றன, தலைவர் ஸ்தோத்திரம் செய்ய மக்கள் ‘ஆமென்’ என்கிறார்கள், வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். வசதியுள்ளவர்கள் மனமுவந்து கொடுப்பது தலைவரிடம் சேர்க்கப்பட்டு அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையிலிருப்போர் ஆகியோருக்குப் போகிறது. இன்று நம் ஆலயத்தில் நடப்பதன் வரிசையும் ஏறத்தாழ இதுதான்.

இரண்டாம் படி: உங்கள் சபை என்ன போதிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

அப்பமும் ரசமும் என்ன ஆகின்றன என்ற கேள்வியில் திருச்சபை பிளவுபட்டிருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவற்றின் உட்பொருளே கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் மாறுகிறது, வெளித்தோற்றம் மட்டும் நிலைக்கிறது என்பது கத்தோலிக்கப் போதனை. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் இதற்கான சொல்லைப் பயன்படுத்தியது. 1551இல் திரெந்து சங்கம் அதை விரிவாக உறுதிசெய்தது. ஜெர்மானியச் சீர்திருத்தவாதி லுத்தர் அந்தத் தத்துவ விளக்கத்தை ஏற்கவில்லை. ஆயினும் அப்பத்தோடும் ரசத்தோடும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் மெய்யாகவே கொடுக்கப்படுகின்றன என்பதில் அவர் அசையவில்லை. சூரிச் நகரத்துச் சீர்திருத்தவாதி சுவிங்கிலிக்கோ அவை நினைவின் அடையாளங்கள். 1529 அக்டோபரில் இருவரையும் மார்புர்க் கோட்டையில் சந்திக்கவைத்தார்கள். லுத்தர் ‘இது என் சரீரம்’ என்ற வசனத்தை மேசையின்மேல் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்துக்கொண்டு வாதாடினார் என்று அந்தச் சந்திப்பின் பதிவுகள் கூறுகின்றன. பதினைந்து பொருள்களில் பதினான்கில் ஒத்துப்போன அவர்கள், இந்த ஒன்றில் ஒத்துப்போகாமலே பிரிந்தார்கள். இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வின் நடுவழியொன்றைக் காட்டினார்: பரிசுத்த ஆவியானவரின் வல்லமையால் விசுவாசிகள் கிறிஸ்துவில் மெய்யாகவே பங்குபெறுகிறார்கள், ஆனால் அப்பம் அப்பமாகவே இருக்கிறது.

ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் சேர்ந்து 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் உருவான தென்னிந்தியத் திருச்சபையில், இந்தக் கருத்துகளில் பலவும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. பக்கத்தில் முழங்காலிட்டிருப்பவர் உங்களைப்போலவே எண்ணுகிறார் என்று நினைக்க வேண்டாம். விளக்கத்தில் ஒன்றுபட்ட பிறகே உண்ணலாம் என்று வைத்திருந்தால் அந்தத் திருச்சபையே பிறந்திருக்காது என்பது என் எண்ணம்.

யார் பங்குபெறலாம் என்பதும் சபைக்குச் சபை வேறுபடும். தென்னிந்தியத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்று, பேராயரால் திடப்படுத்தப்பட்டவர்கள் திருவிருந்தில் சேருவதே பொது வழக்கம். கத்தோலிக்கக் குழந்தைகள் பகுத்தறியும் வயதில், ஏறத்தாழ ஏழு வயதில், புது நன்மை வாங்கலாம் என்பது 1910இல் போப் பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட ஆணையின் பயன். பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர்களே பங்குபெறுகிறார்கள். கத்தோலிக்கத் திருப்பலிக்கு விருந்தினராகச் செல்லும் மற்றச் சபையார் நன்மை வாங்க வரிசையில் போகாமல் இருக்கையில் ஜெபித்தபடி இருப்பதே அந்தச் சபையின் ஒழுங்குக்குக் காட்டும் மரியாதை. வேறு எந்தச் சபைக்குப் போனாலும் ஆராதனைக்குமுன் ஆயரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: ‘அபாத்திரமாய்’ என்ற பயத்தை அதன் இடத்தில் வைத்துப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டாமல் மற்றவற்றைச் செய்வதில் பயனில்லை என்பதால் சற்று நிதானமாகவே சொல்கிறேன்.

அபாத்திரமாய், அதாவது தகாத விதமாய், புசிக்கிறவன் கர்த்தருடைய சரீரத்தைக் குறித்துக் குற்றமுள்ளவனாவான் என்று பவுல் எழுதியது உண்மைதான். ஆனால் அதற்குச் சில வரிகள் முன்னே அவர் என்ன குற்றத்தைக் கண்டித்துக்கொண்டிருந்தார்? அன்றைய சபை ஆலயத்தில் கூடவில்லை. வசதியுள்ள ஒருவரின் வீட்டில் கூடியது. கர்த்தருடைய பந்தி முழு உணவோடு சேர்ந்தே நடந்தது. அந்த வீடுகளின் உணவறையில் சிலருக்கே இடம் இருந்தது. வேலை முடிந்து தாமதமாக வந்த அடிமைகளும் கூலிக்காரர்களும் முற்றத்தில் நின்றிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பவுலின் சொற்களில் காட்சி தெளிவாகவே இருக்கிறது: “ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்.” வெறி என்பது இங்கே குடிவெறி. இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று அவர் கேட்கிறார். அந்த அதிகாரத்தை அவர் முடிக்கும் கட்டளையும், போஜனம்பண்ணக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பதே.

ஆகவே கொரிந்தியர் செய்த குற்றம், கோபத்தில் ஒரு வார்த்தை பேசிவிட்டு வருந்திய மனதோடு பந்திக்கு வந்ததன்று. ஒரே அப்பத்தில் பங்குபெறுகிற அநேகர் ஒரே சரீரம் என்று பவுல் முந்தின அதிகாரத்தில் எழுதியிருக்க, அந்தச் சரீரத்தின் ஏழை உறுப்புகளைப் பட்டினி போட்டுவிட்டு அதே சரீரத்தின் பேரில் அவர்கள் விருந்துண்டார்கள். சரீரம் இன்னதென்று நிதானித்து அறியவில்லை என்று அவர் சாடுவது இந்தப் பின்னணியில்தான் முழுமையாகப் புரியும்.

தமிழ்ச் சபையின் வரலாற்றில் இதற்கு ஒரு கசப்பான சான்று இருக்கிறது. தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆலயத்தில் உட்காருவதிலும் திருவிருந்துக்கு வருவதிலும் சாதி வேறுபாடு காக்கப்பட்டது. 1833இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாகவும் முற்றிலுமாகவும் கைவிடப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வாசிக்கப்பட்டபோது பலர் ஆலயத்தைவிட்டு வெளியேறினார்கள். ஒரே பாத்திரத்தில் பருகுவதைவிடப் பாத்திரத்தை இழப்பதே மேல் என்று அவர்களுக்குத் தோன்றியது. கொரிந்து நிருபத்தை மொழிபெயர்ப்பில் படித்திருந்தவர்கள்தாம் அவர்கள். நம் ஊர்ச் சபைகளில் இன்றும் எந்தக் குடும்பம் எந்தத் தெருவைச் சேர்ந்தது என்ற கணக்கு ஆலயத்துக்குள்ளும் வரும்போது, ‘அபாத்திரமாய்’ என்ற எச்சரிப்பு முதலில் யாரை நோக்கியது என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். “எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து” என்றுதான் வசனம் இருக்கிறது. சோதித்தறிந்து விலகி நிற்கக்கடவன் என்று இல்லை. சோதித்தறிதலின் முடிவு புசித்தலே. ஆராதனை முறைமையும் இதையே உறுதிசெய்கிறது. தென்னிந்தியத் திருச்சபையில் அப்பம் பெறுவதற்குமுன் சொல்லும் ஜெபத்தில், எங்கள் சுயநீதியை நம்பி உம்முடைய பந்திக்கு வரத் துணியவில்லை என்று அறிக்கையிடுகிறோம். கத்தோலிக்கர் அதே கட்டத்தில், சுவிசேஷத்தில் வரும் நூற்றுக்கு அதிபதி (ரோமப் படைத்தலைவன்) சொன்ன வார்த்தைகளைத் தழுவி, தங்கள் இல்லத்தில் ஆண்டவர் எழுந்தருளத் தாங்கள் தகுதியற்றவர்கள் என்று சொல்கிறார்கள். தகுதியில்லை என்று சொல்லிவிட்டுத்தான் இரு சபையாரும் எழுந்து போய் வாங்குகிறார்கள். தகுதி வந்தபின் வருகிறேன் என்பவருக்கு இந்த ஜெபத்தில் இடமே இல்லை.

நான்காம் படி: முந்தின வாரத்தில் ஆயத்தமாகுங்கள்

ஆயத்தம் சனிக்கிழமை இரவு தொடங்குவதன்று. மத்தேயு 5ஆம் அதிகாரத்தில், பலிபீடத்தினிடத்தில் காணிக்கை கொண்டுவரும்போது சகோதரனுக்கு உன்பேரில் குறையுண்டென்று நினைவுகூருவாயாகில், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று இயேசு சொல்கிறார். இதற்கு நேரம் வேண்டும். பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோன அண்ணனை ஆலய வாசலில் பிடித்துச் சமாதானம் செய்துவிட முடியாது; வாரத்தின் நடுவிலேயே தொலைபேசியில் அழைக்க வேண்டும், அல்லது நேரில் போக வேண்டும். எதிர்த்தரப்பு இணங்காவிட்டால்? உங்கள் பங்கைச் செய்துவிட்டீர்கள் என்றால் பந்திக்கு வாருங்கள். அடுத்தவரின் பிடிவாதம் உங்களைத் தடுக்க வேண்டியதில்லை. கடன், கூலிபாக்கி, எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுத்தல் போன்றவையும் இந்த வாரத்து வேலைகளே. வீட்டுவேலைக்கு வருபவரின் சம்பளத்தை இழுத்தடித்துவிட்டு ஞாயிறன்று முழங்காலிடுவது கொரிந்து விருந்திலிருந்து வெகுதூரம் இல்லை.

திருவிருந்துக்கு முந்தின நாள் மாலையில் ஆயத்த ஆராதனை நடத்தும் சபைகள் உண்டு. அது குறுகியது, பெரும்பகுதி பாவ அறிக்கையும் மௌனமுமே. கத்தோலிக்கர் கனமான பாவம் செய்திருப்பதாக உணர்ந்தால் நன்மை வாங்குமுன் ஒப்புரவு அருட்சாதனம் (குருவிடம் பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுதல்) பெற வேண்டும்.

உபவாசத்தைப் பொறுத்தவரை, கத்தோலிக்கச் சட்டம் நற்கருணைக்குமுன் ஒரு மணி நேரம் உண்ணாதிருப்பதைக் கேட்கிறது; தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையில்லை, முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் அதுவும் கட்டாயமில்லை. மற்றச் சபைகளில் வெறும் வயிற்றோடு வருவது பாட்டிமார் காலத்து நல்ல வழக்கம், அவ்வளவே. சர்க்கரை நோயுள்ளவர்கள் காலை உணவைச் சாப்பிட்டுவிட்டே வரட்டும்.

ஐந்தாம் படி: ஆராதனையைப் பின்தொடருங்கள்

தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து முறைமை 1950இல் மதுரையில் கூடிய சினாடில் (அந்தத் திருச்சபையின் உயர்மன்றத்தில்) முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது. ஆயர் மேசைக்குப் பின்னே சபையை நோக்கி நிற்கும் வழக்கத்தை அந்த முறைமை அப்போதே ஏற்றுக்கொண்டது. கத்தோலிக்கச் சபையில் அது பரவலானது 1960களில்தான். முதல் பகுதியில் பாவ அறிக்கையும் மன்னிப்பின் அறிவிப்பும், வேத வாசிப்புகளும் பிரசங்கமும், விசுவாசப் பிரமாணமும், மன்றாட்டும் வருகின்றன. அதன்பின் சமாதானம் பகிர்தல்.

சமாதானம் பகிரும் முறையைச் சற்று நெருங்கிப் பாருங்கள், ஏனெனில் இன்று பல சபைகளில் அது வெறும் கைகூப்பலாகச் சுருங்கிவிட்டது. கொடுப்பவர் தம் வலது உள்ளங்கையைப் பெறுபவரின் வலது உள்ளங்கையோடு சேர்த்துவைக்க, இருவரும் தம் இடது கையால் மற்றவரின் வலது கையை மூடிக்கொள்கிறார்கள். கேரளத்துச் சிரியன் மரபிலிருந்து எடுத்துக்கொண்ட முறை இது. மேசையில் நிற்கும் ஆயரிடமிருந்து உதவியாளருக்கும், அவர்களிடமிருந்து ஒவ்வொரு வரிசைக்கும், கைக்குக் கை வந்து சேர வேண்டும். அதற்குமுன் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்து இடம் மாறி உட்காருகிறவர்கள் உண்டு. அப்படித் தவிர்க்கப்படுகிறவரின் கைதான் நீங்கள் முக்கியமாகப் பிடிக்க வேண்டிய கை.

பிறகு காணிக்கையோடு அப்பமும் ரசமும் மேசைக்கு வருகின்றன. இருதயங்களை உயர்த்தும்படி ஆயர் அழைக்க, சபை பதில் சொல்ல, ஸ்தோத்திர ஜெபம் தொடங்குகிறது. படைப்பிலிருந்து சிலுவைவரை கர்த்தர் செய்தவற்றை அது நினைவுகூர்கிறது. கிறிஸ்துவின் வார்த்தைகள் அதன் நடுவில் வருகின்றன. முடிவில் நீங்கள் சொல்லும் ‘ஆமென்’ உரத்து ஒலிக்கட்டும். யுஸ்தீன் காலத்திலிருந்தே அது சபையாருக்குரிய பங்கு.

ஆறாம் படி: பெற்றுக்கொள்ளுங்கள்

உதவியாளர் உங்கள் வரிசையைக் காட்டும்போது எழுந்து போங்கள். காலணியைக் கழற்றிவைப்பது பல ஊர்களில் வழக்கம். பீடத்துக்குமுன் உள்ள தடுப்பருகே முழங்காலிடுங்கள். முழங்கால் வலியுள்ளவர்கள் நின்றுகொண்டே பெறலாம், யாரும் தவறாக எண்ணமாட்டார்கள்.

கைகளை எப்படி வைப்பது என்பதற்கு நான்காம் நூற்றாண்டிலேயே எருசலேமின் பேராயர் சிரில் பெயரால் வழங்கும் போதனைகளில் குறிப்பு இருக்கிறது: அரசரை ஏற்கப்போகும் வலது கைக்கு இடது கையைச் சிம்மாசனமாக்கு. அதாவது இடது உள்ளங்கையின்மேல் வலது உள்ளங்கையைக் குழித்துவையுங்கள். அப்பம் உள்ளங்கையில் வைக்கப்படும்; விரல்களால் பிடுங்க வேண்டாம். ‘ஆமென்’ சொல்லி உண்ணுங்கள். பாத்திரம் வரும்போது அதன் அடியைப் பிடித்து உங்கள் உதட்டுக்கு நேரே சாய்க்க உதவுங்கள். ஆயரே சாய்த்தால் ரசம் சட்டையில் சிந்துவது நிச்சயம். ஒரு வாய்க்கு மேல் வேண்டாம். 2020இன் கொள்ளைநோய்க்குப் பிறகு பல சபைகள் தனித்தனிச் சிறு கிண்ணங்களுக்கோ, அப்பத்தை ரசத்தில் தோய்த்துக் கொடுக்கும் முறைக்கோ மாறிவிட்டன. தோய்த்த அப்பமானால் கையை நீட்டாமல் வாயைத் திறந்து பெறுங்கள், அல்லது அந்தச் சபையின் வழக்கத்தைக் கேட்டு அறியுங்கள். சுகாதாரம் கருதிச் செய்த மாற்றத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1833இல் சிலர் விட்டு ஓடிய அந்த ஒரே பாத்திரத்தின் சாட்சியை, இனி நாம் வேறு வழியில்தான் காட்டியாக வேண்டும்.

ரசம் புளித்ததா, புளிக்காததா என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. கத்தோலிக்கர் திராட்சையிலிருந்து இயற்கையாக உண்டான மதுவையே பயன்படுத்த வேண்டும் என்பது அவர்கள் சட்டம். புளிக்காத சாற்றை நாட்கணக்கில் வைத்துப் பயன்படுத்த வழிசெய்தவர் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வாழ்ந்த தாமஸ் வெல்ச் என்னும் மெத்தடிஸ்ட் பல் மருத்துவர். 1869இல் அவர் பாஸ்டரின் முறையைப் பின்பற்றிச் சாற்றைச் சூடாக்கி நொதிப்பதை நிறுத்தினார். நம் ஊரில் பன்னீர்த் திராட்சையைக் கழுவி, கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தோல் வெடிக்கும்வரை கொதிக்கவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, ஆறவைத்து எடுக்கும் குடும்பங்கள் செய்வதும் அதுவே. இந்த வேலையை ஏற்பவர்கள் முந்தின நாளே செய்து குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்; வெயில் காலத்தில் வெளியே வைத்தால் மறுநாளே நுரைக்கும்.

ஏழாம் படி: பந்திக்குப் பிறகு

இருக்கைக்குத் திரும்பியதும் பேச்சைத் தொடங்காமல், மற்றவர்கள் பெறும்வரை ஜெபியுங்கள் அல்லது பாட்டில் சேருங்கள். மீந்த அப்பத்தையும் ரசத்தையும் ஆயரும் உதவியாளரும் பயபக்தியாய் உண்டு முடிப்பார்கள். கத்தோலிக்கரோ மீந்த அப்பத்தை நற்கருணைப் பேழையில் வைத்து நோயாளிகளுக்குக் கொண்டுபோவார்கள்.

வீட்டில் படுத்திருப்பவர்களை மறக்க வேண்டாம். பலர் தங்களால் ஆலயத்துக்கு வர இயலாததால் திருவிருந்து தங்களுக்கு முடிந்துபோனது என்று எண்ணிச் சும்மா இருந்துவிடுகிறார்கள். ஆயரிடமோ சபைச் செயலரிடமோ முந்தின ஞாயிறே சொல்லிவைத்தால் ஆயர் வீட்டுக்கே வருவார். கட்டிலருகே ஒரு சிறு மேசை, வெள்ளைத் துணி, குடிக்கத் தண்ணீர் இருந்தால் போதும். விழுங்க முடியாதவரானால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். அப்பத்தை ரசத்தில் நனைத்து மிகச் சிறு துணுக்காகக் கொடுக்க முடியும். திருவிருந்து எடுக்கும் தகுதியுள்ள வீட்டாரும் பக்கத்து வீட்டுச் சபையாரும் அவரோடு சேர்ந்து பங்குபெறலாம். எத்தனை பேர் என்பதை மட்டும் ஆயருக்கு முன்பே தெரிவித்துவிட்டால் அதற்கேற்ற அப்பத்தோடு வருவார்.